சுமந்த முதுகுக்கு எட்டாத சிகிச்சை: பாலக்காடு, இடுக்கி எல்லையில் தீராத வலி

புது தில்லி: மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவுகளில் தேயிலைக் கொழுந்தும் ஏலக்காயும் பறித்து வாழும் தமிழ்த் தொழிலாளர்களின் முதுகுவலி, சட்டம் அங்கீகரித்த தொழில்சார் நோய்களின் பட்டியலில் இன்றுவரை இடம்பெறவில்லை. தைலம், மாத்திரை, ஊசி, அவ்வப்போது எல்லை கடந்து நகரத்துக்குப் போய் "கரண்ட் வைத்துக்கொண்டு" திரும்புவது என்பதே அவர்கள் அறிந்த சிகிச்சை முறையாக உள்ளது.

இந்நிலையில், நாடாளுமன்றம் 2019, 2020-ஆம் ஆண்டுகளில் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21-இல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்தத் தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டது. இதனால் தோட்டத் தொழிலாளியின் மருத்துவச் செலவை இனி யார் ஏற்பது என்ற பழைய கேள்வி புதிய வடிவில் எழுந்துள்ளது.

மறுபுறம், நரம்பை மின்சாரத்தால் தூண்டி வலியை அடக்கும் நவீன சிகிச்சை பெருநகர மருத்துவமனைகளில் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் அது யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்ற தெளிவு மலைக்குப் போய்ச் சேரவில்லை. வலியோடு வாழ்பவர் பயனற்ற சிகிச்சைக்குக் கைப்பணத்தை இழப்பதும், பயனுள்ள சிகிச்சையைக் கேள்விப்படாமலேயே போவதும் இந்த ஒரே குறையின் இரு விளைவுகளாகும்.

குனிந்தும் சுமந்தும்:

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் இன்றும் லயங்களில் குடியிருக்கின்றனர். இவர்களைத் தவிர, தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பகுதிகளிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்கள் ஏராளம். பாலக்காடு மாவட்டத்தில் நெல்லியாம்பதி தோட்டங்களிலும், வாளையார் முதல் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் வரையிலான எல்லைக் கிராமங்களிலும் தமிழ் பேசும் உழைப்பாளர்கள் பரவியுள்ளனர்.

இரண்டு பயிர்களும் இரண்டு விதமாக முதுகை வதைக்கின்றன. தேயிலை பறிப்பவர் சரிவான நிலத்தில் நாள் முழுவதும் நின்றபடி, முன்னோக்கி வளைந்து வேலை செய்கிறார். பறித்த கொழுந்தை முதுகிலும் தலையிலுமாகச் சுமந்து எடை போடும் இடத்துக்குக் கொண்டு செல்வதும் அவர் பொறுப்பே. ஏலக்காயோ செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. அதைப் பறிப்பவர் குத்துக்காலிட்டோ இடுப்பை மடித்தோ ஈர மண்ணில் மணிக்கணக்கில் நகர வேண்டும். அதன் பிறகு மலைப் பாதையில் குலுங்கும் ஜீப் பயணம் வேறு.

2015 செப்டம்பரில் மூணாறில் "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் நடத்திய போராட்டம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது நினைவிருக்கலாம். 20 சதவீத போனஸும், 232 ரூபாயாக இருந்த நாள் கூலியை 500 ரூபாயாக உயர்த்துவதும் அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டு ஒன்பது நாள் சாலையில் அமர்ந்த அப்பெண்களுக்கு போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது. அன்று பேச்சுவார்த்தை மேசையில் கூலிக்கு நிகராக அடிபட்ட மற்றொரு விஷயம், கூலிக்காக ஒருவர் நாளொன்றுக்குப் பறித்தாக வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்தின் எடை. அப்போது அது 21 கிலோ. கூலியை உயர்த்தினால் எடையையும் உயர்த்த வேண்டும் என்பது நிர்வாகத் தரப்பின் வாதமாக இருந்தது. கூலியும் எடையும் தராசின் இரு தட்டுகளாக நிற்க, அந்தத் தராசின் முள்ளாக இருப்பது தொழிலாளியின் முதுகெலும்பு என்பதை எந்த ஒப்பந்தமும் குறிப்பிடவில்லை.

வலிக்கு ஒரு வாசல்:

நரம்புத் தூண்டல் சிகிச்சையின் அடிப்படை 1965-இல் வெளியான ஒரு கோட்பாடாகும். கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்டு மெல்ஸாக், பிரிட்டன் நரம்பியலாளர் பேட்ரிக் வால் ஆகிய இருவரும் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருப்பதாகக் கூறினர். தொடுதல், அழுத்தம் போன்ற உணர்வுகளைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பாக இருக்கும்போது, வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் செய்தி மூளைக்குச் செல்லும் வாசல் குறுகிவிடுகிறது என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி சற்றுக் குறைவது இதனால்தான்.

கை தேய்ப்பதை மின்சாரம் செய்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து இரண்டு சிகிச்சைகள் பிறந்தன. முதலாவது, தோலின் மேல் ஒட்டும் பட்டைகள் வழியாகச் சிறிய மின் துடிப்புகளைச் செலுத்தும் "டென்ஸ்" கருவி. இயன்முறை மருத்துவ நிலையங்களில் பொதுமக்கள் "கரண்ட் வைப்பது" என்று கூறுவது பெரும்பாலும் இதையோ, இதையொத்த கருவிகளையோதான். சில ஆயிரம் ரூபாய்க்குக் கடைகளிலேயே கிடைக்கிறது.

இரண்டாவது, உடலுக்குள் பொருத்தும் தண்டுவடத் தூண்டல் கருவி. அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் நார்மன் ஷீலி 1967-இல் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். மெல்லிய மின்கம்பிகளைத் தண்டுவடத்தின் பின்புற உறைக்கு வெளியே நிறுத்தி, இடுப்பிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் வைக்கும் மின்கல உறையுடன் இணைப்பது இதன் செய்முறை. முதலில் கம்பிகளை மட்டும் செலுத்தி, கருவியை உடலுக்கு வெளியே வைத்துச் சில நாள்கள் சோதித்துப் பார்ப்பர். வலி பாதியளவாவது குறைந்தால் மட்டுமே நிரந்தரமாகப் பொருத்துவது வழக்கம்.

அண்மைக் காலத்தில் மூன்றாவது வகை ஒன்றும் வந்துள்ளது. முதுகெலும்பைத் தாங்கும் ஆழ்தசையை இயக்கும் நரம்பைத் தூண்டி, செயலிழந்த அத்தசையை மீண்டும் வேலை செய்ய வைப்பது இதன் நோக்கம். வலிச் செய்தியை மறைப்பதல்ல, முதுகின் தாங்குசக்தியை மீட்பது என்பதே இதன் வாதம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஜூனில் இதற்கு அனுமதி அளித்தது. ஆனால் 204 பேரிடம் நடந்த இதன் முக்கியச் சோதனையில், நான்கு மாத முடிவில் மெய்த் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இந்தச் சிகிச்சைகள் குறித்த மருத்துவ உலகின் மதிப்பீடு கடந்த பத்தாண்டுகளில் கடுமையாகியுள்ளது. பிரிட்டனின் தேசிய சுகாதார, சிகிச்சைத் தர நிறுவனம் 2016 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், இடுப்பு வலிக்கு டென்ஸ் கருவியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென முதன்முதலாக வெளியிட்ட வழிகாட்டியும் அதே நிலையை எடுத்தது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, அபினி வகை வலிநீக்கிகள் ஆகியவையும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று கூறப்பட்ட பட்டியலில் உள்ளன. நோயாளிக்கு முறையான விளக்கம், உடற்பயிற்சித் திட்டம், உளவியல் ஆதரவு, தேவைக்கேற்ப வீக்கம் தணிக்கும் மருந்துகள், சில வகைக் கைமுறைச் சிகிச்சைகள் ஆகியவையே பரிந்துரைக்கப்பட்டுள்ளன.

உடலுக்குள் பொருத்தும் கருவியைப் பற்றிய விவாதம் மேலும் கூர்மையானது. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கால் வலி தீராத 50 பேரிடம் நார்வே மருத்துவர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2022 அக்டோபரில் வெளியானது. கருவி இயங்கும் மூன்று மாதங்கள் எவை, நிறுத்தப்பட்ட மூன்று மாதங்கள் எவை என்பதை நோயாளிகளுக்குத் தெரிவிக்காமல் ஓராண்டு கண்காணித்ததில், இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2023 மார்ச்சில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 13 சோதனைகளில் பங்கேற்ற 699 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்ட கோக்ரேன் மதிப்பாய்வு, இடுப்பு வலிக்கு இக்கருவியால் நீடித்த பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று கூறியது. கம்பி இடம்பெயர்தல், நோய்த்தொற்று, மறு அறுவை சிகிச்சை ஆகிய ஆபத்துகளையும் அது சுட்டிக்காட்டியது.

நரம்புத் தூண்டல் நிபுணர்களின் அமைப்புகள் இம்முடிவுகளை ஏற்கவில்லை. பல வகை நோயாளிகளையும் பல வகைத் தூண்டல்களையும் ஒன்றாகக் கலந்து மதிப்பிட்டது தவறு என்பது அவர்களின் வாதம். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் ஒரு விஷயத்தில் பரவலான உடன்பாடு உண்டு. நரம்பு சேதமடைந்ததால் ஏற்படும் வலிக்கு, பிற சிகிச்சைகள் பலனளிக்காத நிலையில், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் இதைப் பரிசீலிக்கலாம் என்பதே அது. பிரிட்டனின் நிறுவனம் 2008 அக்டோபரில் இதே நிபந்தனைகளுடன்தான் ஒப்புதல் அளித்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பின்னும் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நரம்பு வலி, நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறையாத வலி அளவு, வெற்றிகரமான முன்சோதனை ஆகிய மூன்றும் அவசியம் என்று அது வரையறுத்தது.

குத்தலா, குடைச்சலா?

அப்படியானால் யாருடைய வலி எவ்வகை என்பதைப் பிரித்தறிவதே சிகிச்சையின் முதல் படி. உலக அளவில் 2020-இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்குக் குறிப்பிட்ட ஒரு நோயைக் காரணமாகச் சுட்ட இயலாது. எஞ்சிய சிலருக்கே நரம்பு நசுங்குதல், எலும்பு முறிவு, நோய்த்தொற்று போன்ற திட்டவட்டமான காரணம் இருக்கும்.

இதைக் கண்டறிவதில் ஸ்கேன் படத்தைவிட நோயாளியின் சொல் முக்கியமானது. வாசல் கோட்பாட்டை வகுத்த மெல்ஸாக்கே 1975-இல் வலியை விவரிக்கும் சொற்களைத் தொகுத்து ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல் நோயின் தன்மையைக் காட்டும் என்பது அதன் அடிப்படை. தமிழில் இதற்குச் சொல் வளம் குறைவில்லை. இடுப்பில் "பிடிப்பு", "கடுப்பு", "அசதி" என்று கூறுபவருக்குத் தசை, மூட்டு சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம். "எரிச்சல்", "மதமதப்பு", "மரத்துப் போகிறது", "தொடையிலிருந்து கணுக்கால் வரை சுண்டி இழுக்கிறது" என்று கூறினால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். "குத்தல்" வேறு, "குடைச்சல்" வேறு.

தேவிகுளத்திலோ நெல்லியாம்பதியிலோ தமிழ் மட்டுமே அறிந்த முதிய தொழிலாளி, தமிழ் அறியாத மருத்துவர் முன்னால் அமரும்போது இந்த நுட்பங்கள் அனைத்தும் "முதுகு வேதனை" என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. மொழிச் சிறுபான்மையினர் உரிமை என்பது பள்ளிக்கூடமும் அரசு ஆணையும் மட்டுமல்ல, மருத்துவரின் அறையிலும் அது வாழ்வாதாரப் பிரச்னை என்பதற்கு இது சான்று.

கால் பலவீனமடைதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடிழத்தல், காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் கூடிய முதுகுவலி ஆகியவை தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். முதுகெலும்புக் காசநோய் இந்தியாவில் இன்னும் மறையவில்லை. இத்தகையவருக்குத் தைலமோ கரண்டோ தீர்வல்ல, உடனடி மருத்துவப் பரிசோதனையே தேவை. இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் மருத்துவ ஆலோசனையின்றி டென்ஸ் கருவியைப் பயன்படுத்தக் கூடாது.

விலையும் காப்பீடும்:

நரம்பு வலிக்கு உண்மையிலேயே தண்டுவடத் தூண்டல் தேவைப்படும் சிலருக்கும் அது எட்டாக் கனியாகவே உள்ளது. பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் இக்கருவிக்குப் பல இலட்சம் ரூபாய் செலவாகும். மின்கலம் தீர்ந்ததும் மீண்டும் அறுவை சிகிச்சை செய்து மாற்ற வேண்டிய வகைகளும் உண்டு. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும், அதனுடன் இணைந்து 2019 ஏப்ரலில் கேரளம் தொடங்கிய காருண்யா ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிப்பவை. ஒரே கருவி ஒரு குடும்பத்தின் ஆண்டு வரம்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடக் கூடியது.

மருத்துவக் கருவிகளின் விலையைக் கட்டுப்படுத்த முடியாது என்று கூறுவதற்கில்லை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ரத்தக்குழாய்க்கான மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலையை 29,600 ரூபாயாக நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் உச்ச விலை வந்தது. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டப்படி மருந்து என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனால் பெரும்பாலான கருவிகளுக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் விலை உயர்த்தக் கூடாது என்ற அளவோடு கட்டுப்பாடு நின்றுவிடுகிறது. தொடக்க விலை எவ்வளவு என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது.

உள்நாட்டிலேயே தயாரிப்பது மற்றொரு வழி. நாடாளுமன்றச் சட்டத்தால் 1980-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், இறக்குமதியை நம்பியிருந்த செயற்கை இதய வால்வை உள்நாட்டில் உருவாக்கி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டியது. அந்த முன்னுதாரணம் கேரள மண்ணிலேயே இருக்கிறது.

எனினும் விலை குறைந்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. பயன் உறுதிப்படாத கருவி மலிவானால், தேவையற்றவர்களுக்கும் அது பொருத்தப்படும் அபாயம் உண்டு. விலைக் கட்டுப்பாட்டுடன், யாருக்குப் பொருத்தலாம் என்ற தேசிய வரையறையும், பொருத்தப்பட்டவர்களின் நிலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஏற்பாடும் ஒருசேர வர வேண்டும்.

சட்டத்தில் உள்ள இடைவெளி:

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி அளிக்கும் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தியது. அதன் விளைவாகவே தோட்ட மருத்துவமனைகளும் மருந்தகங்களும் உருவாயின. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான, அல்லது 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தோட்டங்களுக்கு அச்சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. சிறு ஏலத்தோட்டங்களுக்கு நாள் கூலியாகச் செல்லும் தேனி மாவட்டப் பெண்கள் அந்த வேலிக்கு வெளியே நின்றனர். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யும் தோட்டங்களை எட்டவில்லை.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இதில் ஒரு மாற்றம் செய்துள்ளது. ஏற்கெனவே அளிப்பதைவிட ஈ.எஸ்.ஐ. பயன்கள் மேம்பட்டவை என்றால், தோட்ட உரிமையாளர் விருப்பம் தெரிவித்து அதில் சேரலாம் என்று அது கூறுகிறது. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தால் உயர்தர மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் வாய்ப்பும், நோயுற்ற நாள்களுக்கான பணப் பயனும் கிடைக்கும். முதுகுவலிக்காரருக்கு இந்த இரண்டாவது பயனே பெரிது. ஓய்வெடுத்தால் கூலி போகும் என்பதால்தான் பலர் வலியோடு வேலைக்குச் செல்கின்றனர்.

ஆனால் விருப்பம் உரிமையாளருடையதே தவிர, தொழிலாளியுடையது அல்ல. மேலும், நான்கு தொகுப்புகளும் தொழிலாளர் விரோதமானவை என்று கூறி, அவற்றை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று கேரளத்தின் அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. தொகுப்புகளை எதிர்ப்பவர்களின் வாதங்களில் வலு உண்டு. ஆயினும் பழைய சட்டம் நீங்கி, புதிய விதிகள் வேரூன்றாத இடைவெளியில் மருத்துவ வசதிக்கான கடமை தளர்ந்துவிடக் கூடாது என்பதே மலைத் தொழிலாளர்களின் கவலையாக இருக்க முடியும்.

தொழில்சார் நோய் என்ற அங்கீகாரம் இல்லாதது இன்னொரு குறை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து புதிய தொகுப்பு வரை நீடிக்கும் தொழில்சார் நோய்ப் பட்டியலில், சுமையால் வரும் முதுகுத்தண்டு நோய் இல்லை. ஜெர்மனியில் பல்லாண்டுகள் கனத்த சுமை தூக்கியதால் ஏற்படும் இடுப்பு வட்டுச் சிதைவு 1993 முதல் இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்கப்பட்டுள்ளது. ஒருவர் சுமக்கக் கூடிய அதிகபட்ச எடை குறித்து சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 2010-இல் ஏற்றுக்கொண்டது. அதனுடன் வெளியான பரிந்துரை, வயது வந்த ஆணுக்கு 55 கிலோ என்ற வரம்பைக் குறிப்பிட்டு, பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. மலைச் சரிவில், மழையில், ஒற்றையடிப் பாதையில் சுமக்கும் எடைக்கு அந்த உடன்படிக்கை எப்போது பொருள் பெறும் என்பது தெரியவில்லை.

தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ வசதியும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. கல்நார் தூசிக்குப் பொருந்திய நியாயம், கொழுந்து மூட்டைக்கும் பொருந்தாமல் போகாது.

எல்லையின் இருபுறமும்:

வியப்பு என்னவெனில், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எளிய சிகிச்சைக்கான கட்டமைப்பு எல்லையின் இருபுறமும் ஏற்கெனவே இருக்கிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். அத்திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. அமைப்புகளின் விருதும் கிடைத்தது. கேரளமோ வலித் தணிப்பு மருத்துவத்தில் நாட்டுக்கே முன்னோடி. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கிய வலித் தணிப்பு இயக்கம் கிராமங்கள் வரை பரவியது. 2008-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமும் கேரளமே.

ஆனால் காலை ஆறு மணிக்குக் கம்பத்தில் ஜீப் ஏறி இரவு திரும்பும் பெண்ணின் வீட்டுக் கதவை, பகலில் வரும் இயன்முறை மருத்துவர் தட்டிப் பயனில்லை. அவர் வேலை செய்யும் ஏலத்தோட்டம் இருக்கும் கேரள ஊராட்சியின் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. மூணாறு லயத்தில் வசிப்பவர் மேல்சிகிச்சைக்குச் சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வதா, உறவினர் இருக்கும் தேனிக்கு மலையிறங்குவதா என்று தயங்குகிறார். 2014-இல் தொடங்கி, அங்கீகாரம் இழந்து, 2022-இல் மீண்டும் அனுமதி பெற்ற இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி இந்தக் குறையைப் போக்க இன்னும் வளர வேண்டியுள்ளது. கொழிஞ்சாம்பாறைக்காரருக்கோ பாலக்காட்டைப் போலவே கோயம்புத்தூரும் அருகில்தான்.

எல்லை எப்போதும் திறந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை கொந்தளித்தபோது தோட்ட வேலைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி ஊர் திரும்பினர். 2020-இல் கரோனா பரவலின்போது வாளையாரிலும் குமுளியிலும் சோதனைச் சாவடிகள் அடைபட்டு, நோயாளிகளும் தவித்தனர். 1956 நவம்பர் 1-இல் மொழி அடிப்படையில் வகுக்கப்பட்ட கோடு, நோய்க்கும் சிகிச்சைக்கும் நடுவே விழும்போது அதன் விலையை உழைப்பவரே கொடுக்கிறார்.

தில்லியின் கையில்:

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. தோட்டங்களை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கும் விருப்பத்தைத் தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும் கோரிப் பெற வழிசெய்யும் திருத்தத்தை மத்திய அரசு கொண்டுவரலாம். தொழில்சார் நோய்ப் பட்டியலில் சுமையால் வரும் முதுகுத்தண்டு நோயைச் சேர்ப்பது அறிவிக்கை அளவிலேயே தொடங்கக் கூடிய பணி. தண்டுவடத் தூண்டல் கருவிக்கு விலை வரம்பும் தகுதி வரையறையும் வகுப்பதும், 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தைக் கொண்டு, முறையான பயிற்சியின்றிக் "கரண்ட் வைக்கும்" நிலையங்களை ஒழுங்குபடுத்துவதும் தில்லியின் பொறுப்புகளே.

மாநிலங்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. குமுளி, போடிமெட்டு, வாளையார் போன்ற எல்லை ஊர்களில் மாலை நேர இயன்முறை சிகிச்சை மையங்களை இரு மாநிலங்களும் சேர்ந்து நடத்தலாம். தோட்டப் பகுதி மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த பணியாளரை அமர்த்தலாம். பறிக்கும் இடத்துக்கும் எடை போடும் இடத்துக்குமான தூரத்தைக் குறைப்பது, சுமையை இரண்டு நடையாகப் பிரிப்பது போன்றவற்றைக் கூலி ஒப்பந்தத்தின் பகுதியாக்கத் தொழிற்சங்கங்கள் வலியுறுத்தலாம். எந்தக் கருவியும் தர முடியாத நிவாரணத்தை இவை தரக்கூடும்.

நரம்பைத் தூண்டி வலியை மறக்கச் செய்ய மருத்துவம் அறுபது ஆண்டுகளாக முயன்று வருகிறது. ஓரளவு வென்றிருக்கிறது, பெருமளவு இன்னும் வழக்காடிக் கொண்டிருக்கிறது. ஆனால் மறுநாள் காலை அதே சரிவில் அதே சுமையை ஏற்றியாக வேண்டும் என்றால் எந்த மின்துடிப்பும் நீடித்துப் பயன் தராது. மலையில் வலிப்பவரின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டிய முதல் இடம் மருத்துவமனை. அடுத்த இடம் நாடாளுமன்றம்.